கண்டி நகரின் வழிபாட்டுத் தலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டிக்கு வரும் யாத்திரிகர்களும், பாடசாலைச் சுற்றுலாவில் வரும் மாணவர்களும், மலையகத்தின் பிற ஊர்களிலிருந்து குடும்பத்தோடு வருபவர்களும் நகரின் வழிபாட்டுத் தலங்களைப் பற்றி வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஒவ்வொரு சமயத்தின் கட்டடங்களையும் தனித்தனிப் பட்டியலாகப் பிரித்துச் சொல்லும் முறை இந்நகருக்குப் பொருந்துவதில்லை. இங்குள்ள ஒரு தலத்தைக் கட்டுவித்தவரும், அதற்கு நிலம் கொடுத்தவரும், அதற்கு ஊழியம் செய்தவரும் பல வேளைகளில் வெவ்வேறு சமயத்தவராக இருந்திருக்கிறார்கள் என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றை விளங்கிக்கொள்ள இயலாது. சிங்கள மரபின் தெய்வ சந்நிதிகளைத் தேவாலயம் என்றும், கிறிஸ்தவர்களின் இறைமனைகளை ஆலயம் அல்லது பேராலயம் என்றும் இங்கு குறிப்பிடுகிறோம்.

கண்டி நகருக்குள் எந்தெந்தத் தலங்களை நடந்தே பார்க்கலாம்?

வாவியின் வடகரையில் ஸ்ரீ தலதா மாளிகை இருக்கிறது. அதன் எதிரில், ஒரே வளாகம் போல அடுத்தடுத்து, நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் உள்ளன. அவற்றை ஒட்டியே அங்கிலிக்கன் திருச்சபையின் புனித பவுல் ஆலயம் செங்கல் நிறத்தில் நிற்கிறது. படிகளில் ஏறினால் விஷ்ணு தேவாலயம் வந்துவிடும். கடைத்தெருவுக்குள் நுழைந்தால் கொட்டுகொடெல்ல வீதியில் கதிர்காம தேவாலயத்தின் வண்ண வாயில் தெரியும். முஸ்லிம்களின் மீரா மக்காம் பள்ளிவாசலும் புனித அந்தோனியார் பேராலயமும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. பேராதனை வீதியில் சற்றுத் தூரம் சென்றால் கட்டுக்கலை ஸ்ரீ செல்வ விநாயகர் ஆலயத்தை அடையலாம். மேலே பார்த்தால், 1993ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பஹிரவகந்தைப் புத்தர் சிலை, ஏறத்தாழ 88 அடி உயரத்தில், நகரின் எந்தப் பக்கத்திலிருந்தும் கண்ணில் படும்.

தலதா மாளிகையைக் கட்டியவர் யார்?

ஒருவர் பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. புத்தரின் புனிதப் பல்லாகிய தந்ததாது 4ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ மேகவர்ண மன்னனின் காலத்தில், கலிங்கத்து இளவரசி ஹேமமாலையும் அவள் கணவன் தந்தனும் கொண்டுவந்தது என்பது மரபு. அது அரசுரிமையின் அடையாளமாகக் கருதப்பட்டதால், தலைநகர் மாறிய போதெல்லாம் தாதுவும் இடம் மாறியது. 1592இல் அரியணை ஏறிய முதலாம் விமலதர்மசூரியன் அதைத் தெல்கமுவையிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்து, அரண்மனைக்கு அருகில் மாளிகை எழுப்பினான். போர்களிலும் காலப்போக்கிலும் அந்தக் கட்டடங்கள் அழிந்தன. இன்று நாம் காணும் உள் சந்நிதி, 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் கட்டுவித்தது.

படங்களில் எல்லோருக்கும் அறிமுகமான எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவ, கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் காலத்தது. தேவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பியின் திட்டப்படி எழுந்த அந்த மண்டபத்தில் நின்றே மன்னன் மக்களுக்குக் காட்சி கொடுத்தான். இப்போது அங்கே ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. வாவியும், அதன் கரையிலும் மாளிகையின் முன்னும் அலைபோலவும் முகில்போலவும் வளைந்து ஓடும் மதில்களும் அதே மன்னனின் பணிகள்தான். சந்நிதிக்கு மேலுள்ள பொற்கூரை 1987இல் அமைக்கப்பட்டது. கண்டி புனித நகரம் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

உள்ளே சென்றால் தந்ததாதுவைக் காண முடியுமா?

சாதாரண நாட்களில் முடியாது. தாது ஒன்றினுள் ஒன்றாக அமைந்த ஏழு பேழைகளுக்குள் இருக்கிறது. பக்தர்கள் காண்பது தூபி வடிவிலான வெளிப்பேழையை மட்டுமே. தாதுவைப் பொதுமக்களின் தரிசனத்துக்கு வைக்கும் வைபவம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே நடைபெறுகிறது. கடைசியாக 2025 ஏப்ரல் 18ஆம் திகதி தொடங்கிப் பத்து நாட்கள் அது நடந்தபோது, 16 ஆண்டுகளுக்குப் பின் வந்த வாய்ப்பு என்பதால் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள்.

அதற்காக மாளிகைக்குப் போவதில் பயனில்லை என்று எண்ண வேண்டாம். நாளும் மூன்று வேளை, விடியற்காலை, முற்பகல், மாலை ஆகிய நேரங்களில் தேவாவ எனப்படும் பூசை நடக்கிறது. மாலைப் பூசைக்கு ஆறரை மணிக்குச் சற்று முன்னதாகப் போவது நல்லது. கீழ்த்தளத்து மண்டபத்தில் ஹேவிசி மேளக்காரர்கள் வெற்றுடம்பும் வெள்ளை உடையும் சிவப்புக் கச்சையுமாக நின்று முழக்கத் தொடங்குவார்கள். அந்த ஒலி மரத்தூண்களில் மோதி மேல்மாடிக்கு ஏறும். மேலே, யானைத் தந்தங்கள் இருபுறமும் நிற்கும் கதவுக்கு முன்னால், தாமரையும் நீலோற்பலமும் மல்லிகையும் நிரம்பிய தட்டுகளோடு மக்கள் வரிசையாக நகர்வார்கள். பேழை கண்ணில் படுவது சில நொடிகள்தான். பூக்களை நீண்ட மேடையில் பரப்பி வைத்து வணங்கிவிட்டு நகர வேண்டும். நம் கோயில்களில் கற்பூர ஆரத்தி பெறும் இடத்தை இங்கே பூவின் வாசனை பெறுகிறது. புதன்கிழமைகளில் நானுமுற மங்கல்லய என்ற திருமஞ்சனச் சடங்கு நடைபெறும். அன்று மூலிகைகளும் மலர்களும் இட்ட நறுமண நீரைப் பக்தர்கள் பெற்றுச் செல்வதுண்டு.

மல்வத்தை, அஸ்கிரிய ஆகிய இரு பௌத்த பிக்கு பீடங்களின் மகாநாயக்க தேரர்களும், இல்லறத்தவரான தியவதன நிலமேயும் சேர்ந்தே தாதுவின் காவலர்களாக இருக்கிறார்கள்.

பௌத்தர்களின் புனித நகரில் விஷ்ணுவுக்கும் முருகனுக்கும் சந்நிதிகள் எப்படி வந்தன?

அவை பின்னால் வந்து ஒட்டியவை அல்ல என்பதே இதற்கு முதல் விடை. கண்டி நகரில் எஞ்சியுள்ள கட்டடங்களில் மிகப் பழையது நாத தேவாலயம். அது 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, எனவே இன்றைய தலதா மாளிகைக்கு மூத்தது. தென்னிந்திய விமானத்தின் சாயலில் கல்லால் எழுந்த அந்தச் சிறிய சந்நிதியில்தான் புதிய மன்னன் அரசப் பெயரும் உடைவாளும் பெற்றான். நாதர் என்பவர் மகாயான பௌத்தத்தின் அவலோகிதேசுவரர் என்பது அறிஞர் கருத்து. நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய நால்வரும் அரசையும் பௌத்த சாசனத்தையும் காக்கும் தெய்வங்களாக ஏற்கப்பட்டார்கள். ஒவ்வொரு தேவாலயத்துக்கும் அரசனே நிலங்களை மானியமாக விட்டான். அந்த நிலங்களை நிர்வகிக்கும் பஸ்நாயக்க நிலமே என்ற பதவி இன்றும் இருக்கிறது. பூசை செய்பவர் கப்புராளை.

கதிர்காம தேவாலயத்துக்குள் நுழையும் தமிழருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. மயிலும் வேலும் அங்கே உண்டு. பழத்தட்டோடு நேர்த்திக்கடன் செலுத்த வரும் சிங்களக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் ஒரே வரிசையில் நிற்கும். புதனும் சனியும் தேவாலயங்களுக்குச் சிறந்த நாட்களாகக் கொள்ளப்படுகின்றன. கெம்முற நாட்கள் என்று அவற்றை அழைப்பார்கள்.

பத்தினித் தெய்வம் நம் கண்ணகிதானா?

ஆம். சிலம்பும் மதுரையும் பாண்டியனும் அந்த வழிபாட்டின் கதையிலேயே இருக்கின்றன. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கையின் கயவாகு மன்னன் அங்கிருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. சிங்கள மரபும் கஜபாகுவே பத்தினியின் சிலம்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறது. கிழக்கிலங்கைத் தமிழர் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு நடத்தும் வைகாசி மாதத்தை நினைவில் வைத்துக்கொண்டு கண்டியின் பத்தினி தேவாலயத்துக்குப் போனால், கடல் கடந்தும் மலை ஏறியும் ஒரு பெண்தெய்வம் இரு மொழியினருக்கும் தாயான வரலாறு கண்முன்னே நிற்கும். அம்மை போன்ற நோய்களிலிருந்து காக்கவும், பிள்ளை வரம் வேண்டியும் இங்கு வருபவர்கள் மிகுதி. கண்டியின் ஆண்டு ஊர்வலத் திருவிழாவாகிய எசல பெரஹராவில் பெண்கள் ஆடிவருவது பத்தினி தேவாலயத்தின் ஊர்வலத்தில்தான்.

கண்டியின் கடைசி மன்னர்கள் தென்னிந்தியர் என்கிறார்களே. அவர்கள் இந்துக் கோயில்களையா கட்டினார்கள்?

1739இல் நரேந்திரசிங்கன் அரசுக்குரிய வாரிசின்றி இறந்ததும், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் குலத்து அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரோடு அரியணை ஏறினான். அவனுக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று நால்வர் 1815 வரை ஆண்டார்கள். அரச குடும்பத்தின் உறவினர்கள் குடியிருந்த பகுதி மலபார் வீதி என்று இன்றும் வழங்குகிறது.

இவர்கள் பிறப்பால் சைவ, வைணவ மரபினர். ஆனால் இலங்கையில் பௌத்தத்துக்கு இவர்கள் ஆற்றிய பணிக்கு ஈடு சொல்வது கடினம். உபசம்பதை எனப்படும் முழுத் துறவுநிலையை முறைப்படி பெற்ற பிக்குகளே நாட்டில் இல்லாமற் போயிருந்த நிலையில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் இன்றைய தாய்லாந்தாகிய சியாம் நாட்டுக்குத் தூதனுப்பி, 1753இல் உபாலி தேரரை வரவழைத்து, துறவுப் பரம்பரையை மீண்டும் நிலைநாட்டினான். இன்றைய சியாம் நிக்காய என்ற பிக்கு சங்கப் பிரிவு அப்படித் தோன்றியதே. தெகல்தொறுவைக் குகை விகாரையும் அதன் சுவரோவியங்களும் அவன் ஆதரவில் உருவானவை. எசல பெரஹராவில் தாதுப் பேழை முதலிடம் பெற்றதும் சியாமியப் பிக்குகளின் வேண்டுகோளின்படி அவன் காலத்தில்தான்.

இவ்வளவு செய்தும் அவன் முழுமையாக ஏற்கப்படவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 1760இல் பிரபுக்கள் சிலரும் பிக்குகள் சிலரும் அவனைக் கொல்லச் சதி செய்தார்கள். மன்னன் திருநீறு அணிவதை விடவில்லை என்பது அவர்கள் சொன்ன குறைகளுள் ஒன்று. சதி வெளிப்பட்ட பின்னரும் அவன் விகாரைத் திருப்பணிகளை நிறுத்தவில்லை. தமிழில் எழுதுவோர் இம்மன்னர்களைத் தமிழ் மன்னர்கள் என்று கொண்டாடுவதோடு நின்றுவிடுகிறார்கள். அவர்கள் கட்டியவற்றைப் போய்ப் பார்ப்பதே அவர்களுக்குச் செய்யும் சரியான மரியாதை என்று நாம் கருதுகிறோம். 1815 மார்ச் 2ஆம் திகதி, மாளிகைக்கு அருகிலுள்ள மரத்தூண் மண்டபமாகிய மகுல் மடுவவில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டு நாடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. கடைசி மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கும் கண்டிப் பெரஹராவுக்கும் என்ன தொடர்பு?

பெரஹராவை இரவு ஊர்வலமாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களுக்கு இந்தத் தொடர்பு தெரிய வாய்ப்பில்லை. கும்பல் பெரஹரா ஐந்து நாளும் ரந்தோலி பெரஹரா ஐந்து நாளும் முடிந்தபின், நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் விடியுமுன் மகாவலி கங்கையின் கெட்டம்பேத் துறைக்குச் செல்லும். அங்கே கப்புராளைமார் நடு ஆற்றுக்குப் போய், பொன்வாளால் நீரைக் கீறி, அந்த இடத்து நீரைக் குடங்களில் முகந்துகொள்வார்கள். அந்த நீர் அடுத்த ஆண்டு வரை பாதுகாக்கப்படும். நம் கோயில்களின் தீர்த்தத் திருவிழாவை அறிந்தவர்களுக்கு இந்த நீர்வெட்டு வைபவத்தை விளக்க வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் ஊர்வலங்கள் நேராக நகருக்குள் போவதில்லை. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தரித்து, அங்கே வழிபாடு முடித்துக்கொண்ட பிறகே பகல் பெரஹராவாகப் புறப்படுகின்றன. நாட்டின் தலைசிறந்த பௌத்த விழாவின் நிறைவு நாளில் ஒரு பிள்ளையார் கோயிலுக்கு வரையறுக்கப்பட்ட இடம் இருக்கிறது என்பது, நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசும் பல மேடைப் பேச்சுகளைவிடப் பெறுமதியானது. ஏனெனில் இது ஒருவர் மற்றவருக்குக் காட்டும் சலுகை அல்ல. முறையாக நடக்கவேண்டிய சடங்கு.

இரவு ஊர்வலத்தில் யானை சுமந்து வருவது தந்ததாது அல்ல, புனிதப் பேழை மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலதா, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்ற வரிசையில் ஐந்து ஊர்வலங்கள் வரும்; கதிர்காமக் கடவுளின் ஊர்வலத்தில் காவடியாட்டம் இருக்கும்.

பள்ளிவாசல்கள் ஆங்கிலேயர் காலத்து வணிகர்களோடு வந்தவையா?

இல்லை. கண்டி இராச்சியத்துக்குள் முஸ்லிம்கள் அதற்கு வெகு காலம் முன்பே குடியேறியிருந்தார்கள். போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து அவர்களைத் துரத்தியபோது, செனரத் மன்னன் அடைக்கலம் கொடுத்துக் கிழக்கிலும் மலைநாட்டிலும் குடியமர்த்தினான். மாட்டுவண்டியும் பொதிமாடும் கொண்டு உப்பு, கருவாடு, பாக்கு முதலியவற்றை ஏற்றியிறக்கும் மடிகே என்ற அரசத் துறை பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருந்தது. அரண்மனை வைத்தியர்களாகவும் தூதர்களாகவும் முஸ்லிம்கள் பணியாற்றினார்கள். விகாரை, தேவாலய நிலங்களை அனுபவித்து, பதிலுக்குப் போக்குவரத்து ஊழியம் செய்த முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், கண்டி நகரில் முஸ்லிம்களுக்கு ஒரு வழிபாட்டிடம் இருந்ததையும், காணி உடையவர் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் கொடுக்கவேண்டும் என்று முந்திய மன்னர் ஒருவர் உரிமை வழங்கியிருந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். பௌத்த அரசன் ஒருவன் பள்ளிவாசலுக்காகத் தன் குடிகளிடம் காணிக்கை பெறும் உரிமையை அளித்தான் என்ற இந்தச் செய்தியைப் பாடநூல்களில் காண்பது அரிது.

இன்று நகருக்குள் மீரா மக்காம், கட்டுக்கலை ஜும்ஆ, லைன், ஹனபி என்று பல பள்ளிவாசல்கள் உள்ளன. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் பல அரைக்கதவு சாத்தப்படுவதை நகரில் எவரும் காணலாம். பார்வையாளர்கள் தொழுகை வேளையைத் தவிர்த்துச் சென்று, வாயிலில் இருப்பவரிடம் அனுமதி கேட்டு உள்ளே போவது முறை.

இவ்வளவு நெருக்கமாக இருந்தும் மோதல்கள் நிகழவில்லையா?

நிகழ்ந்திருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் இந்தக் கட்டடங்களைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

கம்பளையில் வலஹாகொட தேவாலயத்தின் பெரஹரா, அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் முழக்கலாமா என்பது 1912இல் வழக்காயிற்று. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகவும், 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் எதிராகவும் தீர்ப்பளித்தன. அந்த மனக்கசப்பு ஆறாத நிலையில், 1915 மே 28ஆம் திகதி வெசாக் இரவில் கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே தொடங்கிய கைகலப்பு, நாட்டின் பல பகுதிகளுக்கும் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரமாகப் பரவியது. ஒரு தெருவில் எழுந்த மேளச் சிக்கலைப் பெரியோர் கூடிப் பேசித் தீர்த்திருக்கலாம்; நீதிமன்றம் வரை போனதும் அது இரு சமூகங்களின் மானப் பிரச்சினையாகிவிட்டது.

1998 ஜனவரி 25ஆம் திகதி விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லொறியைத் தலதா மாளிகையின் வாயிலில் வெடிக்கச் செய்தார்கள். பக்தர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். முகப்பும் கூரையும் சிதைந்தன. சுவர்களில் மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் பழைய கண்டியகால ஓவியங்கள் வெளிப்பட்டன. சிற்பிகளின் கைவேலையால் மாளிகை மீட்டெடுக்கப்பட்டது. வழிபாட்டிடத்தின் மீது நடந்த அந்தத் தாக்குதலை எந்த அரசியல் காரணமும் நியாயப்படுத்தாது.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. வாகனத் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சிங்களவர் ஒருவரின் மரணம் அதற்குத் தொடக்கமாக இருந்தாலும், சமூக ஊடகங்களில் பரப்பப்பட்ட வெறுப்பே தீயை வளர்த்தது. அந்த நாட்களில் பள்ளிவாசல்களுக்குக் காவலாக நின்ற பிக்குகளும் இருந்தார்கள்.

தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே ஓர் ஆங்கிலேய ஆலயத்தைக் கட்டியது ஏன்?

புனித பவுல் ஆலயத்தின் கட்டடப் பணி 1843இல் தொடங்கியது. அரண்மனைப் பகுதி முழுவதும் முடிக்குரிய நிலமாகியிருந்த காலத்தில், படையினரும் அதிகாரிகளும் வழிபட அங்கே இடம் ஒதுக்கப்பட்டது. நாத, பத்தினி சந்நிதிகளின் ஓரத்தில் அதை எழுப்பியதில் வென்றவரின் பெருமிதம் கலந்திருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் ஏறத்தாழ 180 ஆண்டுகளில் அது இவ்வூரின் ஆலயமாகிவிட்டது. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் பேசும் உள்ளூர்க் கிறிஸ்தவர்களே இப்போது அதன் சபையினர். உள்ளே வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் குழாய் ஓகனும் பார்க்கத்தக்கவை.

கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரிடையே பணியாற்ற 1854இல் கண்டிப் பகுதியில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. மலையகத் தோட்டங்களின் அங்கிலிக்கன் தமிழ்ச் சபைகள் பலவற்றின் வேர் அதில் இருக்கிறது.

கத்தோலிக்கர் கண்டிக்கு எப்போது வந்தனர்?

ஒல்லாந்தர் கரையோரத்தில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்தபோது, கண்டி இராச்சியம் அம்மக்களுக்குப் புகலிடமானது. மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில் வாழும் கத்தோலிக்கர் அக்காலத்திலேயே குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். கோவாவிலிருந்து வந்த யோசேவாஸ் அடிகள் 1692இல் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் இரண்டாம் விமலதர்மசூரியனால் சிறையிடப்பட்டார். பின்னர் அம்மை நோய் நகரைச் சூறையாடி, பிறர் ஓடியபோது, நோயாளிகளைக் கைவிடாமல் பராமரித்தார். மன்னனின் நன்மதிப்பைப் பெற்றுப் பணியாற்றி, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கண்டி மறைமாவட்டம் சில்வஸ்திரின் பெனடிக்டைன் துறவிகளின் உழைப்பால் உருவானது. அதன் தலைமை ஆலயம் புனித அந்தோனியார் பேராலயம். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரை நாடி இந்துக்களும் பௌத்தர்களும் மெழுகுதிரியோடு வருவது நாடெங்கும் உள்ள வழக்கம். அம்பிட்டியவில் 1893இல் தொடங்கிய பாப்பரசர் குருத்துவக் கல்லூரி இந்தியாவுக்கும் சேர்த்துக் குருமாரை உருவாக்கியது. 1955இல் அது பூனாவுக்கு மாறியபின் அவ்விடம் இலங்கையின் தேசிய குருமடமானது.

கிறிஸ்தவ ஆலயங்களுள் ஒன்றை மட்டுமே பார்க்க நேரம் உண்டென்றால்?

திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்துக்குப் போங்கள். மதகுரு கஸ்டரின் வரைபடத்தின்படி, 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1935இல் அபிஷேகம் செய்யப்பட்ட அந்தக் கட்டடத்தில் கோதிக் கூர்மாடங்கள் எவையும் இல்லை. கண்டிய மண்டபங்களைப் போலப் பக்கச் சுவர்களின்றித் திறந்த வெளி, செதுக்கிய கருங்கற்றூண்கள், அவற்றின் மேல் மரக்கூரை. மழைநாளில் உள்ளே அமர்ந்திருப்பவருக்குச் சாரலும் புல்லின் வாசமும் எட்டும்.

உள்ளே டேவிட் பெயின்டர் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. சிலுவைக் காட்சியில் கிறிஸ்து தாடியில்லாத இளைஞராக, மாநிற மேனியோடு, கண்டல் மரங்களின் பின்னணியில் தொங்குகிறார். சுற்றிலும் நிற்பவர்கள் இந்நாட்டு முகங்கள். இந்நாட்டுக் கிறிஸ்தவக் கலையில் இதற்கு நிகராக வேறொன்றை நாம் கண்டதில்லை. இது பாடசாலை வளாகத்துக்குள் இருப்பதால், அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும்.

தமிழ்க் கல்வெட்டோ தமிழ்ச் சிற்பியின் கைவண்ணமோ இப்பகுதியில் உண்டா?

உண்டு. நகரிலிருந்து பேராதனை வழியாக உடுநுவரைப் பக்கம் போனால், கடலாதெனிய, இலங்காதிலக, எம்பக்க ஆகிய மூன்றையும் அரை நாளில் பார்க்கலாம். முதலிரண்டும் 1344ஆம் ஆண்டில், கம்பளையை ஆண்ட நான்காம் புவனேகபாகுவின் காலத்தில் எழுந்தவை. கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி. இலங்காதிலகவுக்கு ஸ்தபதி இராயர். இருவரும் தென்னிந்தியர். கடலாதெனியவின் கருங்கல் மண்டபத் தூண்களில் ஆடும் உருவங்களையும் கொடிவரிகளையும் பார்ப்பவருக்கு, தாம் புத்த விகாரைக்குள் நிற்கிறோம் என்ற எண்ணமே சற்று மறைந்துபோகும்.

இலங்காதிலக பன்ஹல்கல என்ற மொட்டைப் பாறையின் உச்சியில் வெண்மையாக நிற்கிறது. உள்ளே நடுவில் பெரிய புத்தர். அதே கட்டடத்தின் சுற்றுச் சந்நிதிகளில் விபீடணன், கணபதி, கந்தகுமாரர் முதலிய தெய்வங்கள். விகாரைக்கு வெளியே பாறையிலேயே, விகாரைக்கு விடப்பட்ட நிலங்களையும் கொடைகளையும் பதிவு செய்யும் கல்வெட்டுகள் சிங்களத்திலும் தமிழிலும் வெட்டப்பட்டுள்ளன. வெயில் சாய்ந்திருக்கும் காலை வேளையில் எழுத்துகளின் பள்ளம் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் பாறை வெறுமையாகவே தோன்றும். கண்டிப் பகுதிக்கு வரும் தமிழ் வாசகர் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்கலாம் என்றால், எங்கள் பரிந்துரை இந்தப் பாறைதான்.

எம்பக்க, கதிர்காமக் கடவுளின் தேவாலயம். அதன் மரத்தூண்களில் மல்லர்கள், அன்னப்பின்னல், பாலூட்டும் தாய், இருதலைப் பறவை என்று செதுக்கல்கள் நிறைந்திருக்கின்றன.

தோட்டத் தமிழரின் கோயில்களுள் பெயர்பெற்றது எது?

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில். தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக நடந்துவந்தவர்கள் மலைநாட்டை எட்டிய இடம் மாத்தளை. வழியில் நோயிலும் பசியிலும் உறவுகளை இழந்து வந்தவர்களுக்கு அம்மன் சந்நிதி என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஆதரவோடு கோயில் வளர்ந்தது. 1983 ஜூலை வன்செயலில் அது சேதமாக்கப்பட்டது. பின்னர் 108 அடி இராஜகோபுரத்தோடு மீண்டும் எழுந்தது. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதி வலம் வரும்.

உடையிலும் நடத்தையிலும் கவனிக்க வேண்டியவை யாவை?

எல்லாத் தலங்களுக்கும் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். மாளிகைக்கும் விகாரைகளுக்கும் வெள்ளை அல்லது வெளிர்நிறம் உகந்தது. பாதணியும் தொப்பியும் வெளியே. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது பெருங்குற்றமாகக் கருதப்படும். வெளிநாட்டவர் சிலர் இதற்காகச் சட்ட நடவடிக்கையையும் சந்தித்திருக்கிறார்கள். மாளிகை வாயிலில் உடற்சோதனை உண்டு என்பதால் பொதிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். இலங்கையருக்கு அங்கே நுழைவுக்கட்டணம் கிடையாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர்கள், அவர்கள் தமிழராயினும், கட்டணம் செலுத்தவேண்டும்.

ஒரு நாள் மட்டுமே இருந்தால் எந்த வரிசையில் பார்ப்பது?

காலையிலேயே முச்சக்கரவண்டி பேசிக்கொண்டு இலங்காதிலக, கடலாதெனிய, எம்பக்க என்று முடித்து, திரும்பும் வழியில் கெட்டம்பேயையும் கட்டுக்கலைப் பிள்ளையாரையும் கண்டுகொள்ளுங்கள். கோயில் நடை நண்பகலில் சாத்தப்படும் என்பதால் அதற்கு முன் வந்துசேர வேண்டும். பிற்பகலில் திரித்துவக் கல்லூரியும் பேராலயமும். நான்கு மணிக்குப் பின் கதிர்காம தேவாலயத்தில் தொடங்கி, விஷ்ணு, பத்தினி, நாத சந்நிதிகள் வழியாகப் புனித பவுல் ஆலயத்துக்கு வந்தால், மாலைப் பூசைக்கு மாளிகை வாயிலில் நிற்கலாம். போயா எனப்படும் பௌர்ணமி தினத்திலும் பெரஹரா நாட்களிலும் வீதிகள் மூடப்பட்டு வாகனங்கள் வேறு வழியில் திருப்பப்படுவதால், அந்நாட்களில் உடுநுவரைப் பயணத்தை மறுநாளைக்கு ஒதுக்கிவிட்டு நகருக்குள்ளேயே நடப்பது நல்லது.